ஏர்கோன் அறையில் பார்த்த அலாரம்

நீ சோதனைகளுக்கு வைத்திருந்த ஹேர் டிரையரை, உன் காரியம் முடிந்ததும் உன் மனைவி கொடுத்தனுப்பியிருந்தாள். இன்று காலை கடையில் அதைப் போட்டேன். தூசி கருகும் வாடை வந்ததும் நீ பக்கத்தில் நிற்பது போலிருந்தது. அப்புறம் நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

அம்மோனியா கசிந்தால் அலறும் கருவி விற்கிறேன், தெரியுமே. உள்ளே கண்ணுக்கே தெரியாத கார்பன் நானோகுழாய்கள். வாயு பட்டால் மின்சாரம் தடைபடும், அலாரம் கத்தும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ ஆறும்வரை நீதான் சொன்னாய்.

“தைப்பூசத்துல தண்ணீர்மலைக் கோயில் ரோட்டுல நடந்திருக்கல்ல? கூட்டம் சும்மா நின்னா நுழைஞ்சு போயிடலாம். உறுமி அடிச்சு எல்லாரும் ஆட ஆரம்பிச்சா? ரோடு அதே ரோடுதான்டா, இடிபடாம போக முடியுமா? நடக்கிற ஆளு எலெக்ட்ரான். கூட்டம் கார்பன் அணுக்கள். சூடு ஏறினா கூட்டம் ஆடும், கரண்டு தடைபடும்.”

“முட்டித் தள்ளிக்கிட்டுப் போனா?” என்று கேட்டேன்.

“தள்ளுறவனே ஆட்டத்தைக் கிளப்பி விட்டுருவான், உன் வியாபாரம் மாதிரி.”

சிரித்துவிட்டு, “சூட்டுல வச்சுப் பாத்தியா?” என்றாய். “வாங்குறவன் ஏர்கோன் ரூம்ல உக்காந்துதானே பாக்குறான்” என்றேன். எங்கள் தொழிலில் வழக்கமே அதுதான். வாங்க வந்தவருக்கு வேர்க்கக் கூடாது.

இன்று டிரையரைக் கருவிமேல் காட்டினேன். வாயுவே இல்லை. அலறியது.

“கத்துறது நல்லதுதானேப்பா?” என்றாள் பக்கத்தில் நின்ற என் மகள்.

“பொய்யாக் கத்தினா எத்தனை நாளைக்கும்மா கேப்பானுங்க?”

உடனே, பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் நான் இதே கருவியை விற்ற மீன் கிடங்குக்குப் போன் போட்டேன். அங்கே மீனைக் குளிரவைக்க அம்மோனியா ஓடும் கம்ப்ரசர் அறை அடுப்பாகக் கொதிக்கும்.

“அதுவா அண்ணே? சும்மா சும்மா கத்துதுலா. ஒயரைப் புடுங்கிட்டோம்” என்றான் சூப்பர்வைசர்.

“உள்ள ஆளுங்க இருக்காங்களா?”

“எப்பவும்போலதான்.”

“எல்லாரையும் வெளிய அனுப்பு தம்பி. நான் வர்றேன்.”

“பாக்குறேண்ணே.”

பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு வியாபாரிக்குத் தெரியாதா?

மகள் காரை ஓட்டுகிறாள். பாலத்தில் போகும்போதே போனில் இதை எழுதுகிறேன். பின்சீட்டில் நானோகுழாய் இல்லாத பழைய ரக அலாரம் ஒன்று, சூட்டில் காட்டிப் பார்த்து எடுத்தது. இனி எதை விற்றாலும் உன் கேள்வியைக் கேட்காமல் விற்க மாட்டேன். ஆனால் அந்த அறையில் இப்போது நிற்பவர்களுக்கு அதனால் என்ன?

மடியில் உன் டிரையர். எப்போதோ ஆறிவிட்டது, விட மனம் வரவில்லை. பயமாக இருக்கிறதுடா. போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.