ஒரிஜினல் பெயின்ட்

என் வேலு அண்ணனுக்கு,

திட்டு வாங்கத் தயாராக வந்து நிற்கும் தங்கை எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. திதிக்குப் படையல் போடும்போது உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவையும் வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. எழுத்து என்றால் எனக்கு வரும் என்பது உனக்கே தெரியும். இசைக்குழுக்காரர்களுக்காக வருகிற இந்தச் சின்னப் பத்திரிகையை நீ மாதாமாதம் வாங்கி, கடைசிப் பக்கத்தில் ‘விற்பனைக்கு’ என்று இருப்பதைத்தான் முதலில் படிப்பாய். அப்படிப் படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் கேட்க வேண்டிய விஷயம் இது, அதனால்தான் இந்தப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன்.

முதலில் இனியாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று கண்டுபிடித்தவன் நீதான். தலத்தெரு வீட்டுக் கூடத்தில் நீங்கள் ஒத்திகை பார்க்கும்போது, ஸ்பீக்கருக்கு நாலடி தள்ளித் தூளியில் அவள் அசையாமல் தூங்குவாள். “சமத்துப் புள்ள, கச்சேரிக்காரன் மருமவள்ல” என்று உன் கூட்டாளிகள் சிரித்தார்கள். நானும் பெருமையாகச் சிரித்தேன். நீ மட்டும் பாட்டை நிறுத்திவிட்டு, உன் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை ஒரே ஒரு முறை ஓங்கி இழுத்துவிட்டாய். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தூளி அதிரவில்லை.

“கலை, இவளக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டு.”

“சும்மா இரு அண்ணே. தூங்குற புள்ளயப் போயி.”

“தூங்குற புள்ளன்னா திடுக்குன்னு ஒரு தடவயாச்சும் கைய ஆட்டும். நாளைக்கே காட்டு.”

நாளைக்கே காட்டவில்லை. நாலு மாதம் தள்ளிப்போட்டேன். பட்டம் வாங்கியவள், உலகத்துக் காய்ச்சலையெல்லாம் நினைத்துப் பயப்படுகிறவள், இதை மட்டும் ஏன் தள்ளிப்போட்டேன்? சொல்லேன்.

இரண்டு காதும் கேட்காது என்றார்கள். தலைக்குள் ஒரு கருவி வைக்கலாம், மூன்று வயதுக்குள் வைத்தால் பேச்சு வர வாய்ப்பு அதிகம், தள்ளத் தள்ளக் குறையும் என்றார்கள். செலவைக் கேட்டதும் உன் மாப்பிள்ளை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நீ கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை இழுத்தாய். “மாப்ள, இது பாப்பாவோட காது. நல்ல ஆளா வரட்டும், நானே விக்கிறேன்” என்றாய்.

படிக்கிறவர்களுக்கு அந்தப் பெட்டியில் இருந்ததைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் காரைக்காலில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா வீட்டுப் பையன் பாரிசில் இளவட்டமாக இருந்தபோது வாசித்த அமெரிக்க பேஸ் கிட்டார் அது. அறுபதுகளில் செய்தது. நடுவில் தேன் நிறம், ஓரம் போகப் போகக் கரும்பழுப்பு. மேல்பூச்சு முழுக்கக் கோடை வயல் மாதிரி வெடித்து, கை படுகிற இடத்தில் உரிந்து மரம் தெரியும். கம்பி முறுக்குகிற தலைப்பக்கத்தில் சிகரெட் சுட்ட தடம் ஒன்று. “இது பெரிய விலைக்குப் போவும்மா” என்று சொல்லித்தான் நீ அதை அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டாய். “எடத்த அடைக்குது, எடுத்துக்கிட்டுப் போப்பா” என்றார்களாம்.

நீ அப்படித்தான் பழைய கிட்டார் வியாபாரம் செய்தாய். எதை விற்றாலும் பெட்டிக்குள் ஒரு சீட்டு வைப்பாய். எட்டாவதோடு நின்றதால் நீ சொல்லச் சொல்ல எழுதியது நான். ‘குமிழ் ஒன்று மாற்றியது. கழுத்தில் முடி அளவு வெடிப்பு, ஒட்டியது. மற்றபடி வந்தது வந்தபடி.’ கீழே நீ ‘வேலு’ என்று கோணலாகப் போடுவாய். “எதுக்கு அண்ணே இருக்குற ஓட்டையெல்லாம் நாமளே சொல்லணும்?” என்று ஒரு தடவை கேட்டேன். “அவன் கண்டுபிடிச்சா என் ஓட்டை. நான் சொல்லிட்டா கிட்டாரோட ஓட்டை” என்றாய். பெங்களூரில் உன் முகத்தைப் பார்க்காதவர்கள்கூட அந்தச் சீட்டை நம்பிப் பணம் அனுப்பினார்கள்.

அப்புறம் அந்த முகூர்த்தக் கச்சேரி. திரும்பி வரும்போது பூவம் தாண்டி வேன் கவிழ்ந்தது. நல்ல ஆள் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

இனியாவுக்கு இரண்டரை வயது ஆனபோது உன் செல்போனில் இருந்த ஒரு பெங்களூர் எண்ணுக்கு நானே பேசினேன். பழைய கிட்டார் வாங்கி விற்கிறவர், தமிழ்க்காரர், உன் இழப்புக்கு உண்மையாகவே வருத்தப்பட்டார். விலை சொன்னார். ஆபரேஷனுக்குப் போதும். கடைசியாகக் கேட்டார்:

“பெயின்ட் ஒரிஜினல்தானேம்மா? அதுதான் முக்கியம். ஒரிஜினல் பெயின்ட் இல்லன்னா எனக்கு வேண்டாம்.”

“ஒரிஜினலாவே இருக்கும்ங்க. நீங்க கவலைப்படாதீங்க.”

அண்ணே, நம் ஊரில் ஒரிஜினல் என்றால் என்ன? டூப்ளிகேட் இல்லாதது. சுனாமிக்குப் பிறகு வந்த படகுகளோடு டூப்ளிகேட் பெயின்டும் வந்து, ஒரே வருஷத்தில் பாளம் பாளமாக உரிந்ததை நாம் பார்க்கவில்லையா? நான் பெட்டியைத் திறந்து அந்த வெடிப்பையும் உரிசலையும் பார்த்தேன். இவ்வளவு விலை கொடுக்கிறவர் நல்ல பெயின்டாக அடித்துத் தரச் சொல்கிறார் என்று நினைத்தேன். கச்சேரிப் பையன்களுக்கு விற்கிற உள்ளூர்க் கிட்டாரை நீயும் பளபளவென்று அடித்துத்தானே கொடுப்பாய்? அதுவும் இதுவும் வேறு என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். நான் ஒரு வார்த்தை அவரிடம் கேட்டிருக்கலாம்.

திருவேட்டக்குடியில் படகுக்குப் பெயின்ட் அடிக்கும் உன் சிநேகிதன் செல்வம் அண்ணனிடம் கொண்டுபோனேன். கடைக்கு நானே போய், “டூப்ளிகேட் வேண்டாம், ஒரிஜினல் குடுங்க” என்று கேட்டு, பில் போட்டு வாங்கினேன்.

“வேலு சாமான் இது, தங்கச்சி. கூலின்னு பேசின, அடுத்த தடவ வீட்டுக்குள்ள விடமாட்டேன்.” அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “ஆனா பழச வச்சிக்கிட்டு மேல அடிச்சா நிக்காது. உப்புத்தாள் போட்டு மரம் வரைக்கும் இறக்கிடணும்.”

“இறக்கிடுங்கண்ணே” என்றேன். நான்தான் சொன்னேன்.

நாலு நாள் கழித்துப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். கடல் நீலம். ஓரத்தில் படகுக்குப் போடுகிற மாதிரி மஞ்சள் கோடு. முன்பக்கம் அழகாக ‘வேலு துணை’ என்று எழுதியிருந்தார்.

பெங்களூர்க்காரர் வந்தார். காபி வைத்தேன். பெட்டியைத் திறந்தவர் அதைத் தொடவேயில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“வேலு துணை. இது என்னம்மா?”

“படகுல எழுதுற மாதிரிங்க. பெயின்ட் ஒரிஜினல்தான். பில்லு இருக்கு, பாருங்க.”

பில்லை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் படித்தார். அண்ணே, கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: கம்பெனியில் அன்றைக்கு அடித்த பூச்சுக்குத்தான் ஒரிஜினல் என்று பேர். வெடித்தாலும் உரிந்தாலும் அதற்குத்தான் விலை. இப்போது இது கால் விலைக்குத்தான் போகும். கால் விலையில் எந்த ஆஸ்பத்திரியிலும் கால் காது வைக்க மாட்டார்கள்.

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். இனியா அவர் செருப்பை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். உன் மாப்பிள்ளை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதுதான் பெங்களூர்க்காரர் குனிந்து சொன்னார்.

“ஒண்ணு செய்யலாம்மா. எங்கிட்ட ஆள் இருக்கான். இந்த நீலத்த எடுத்துட்டு, பழைய மாதிரியே அடிச்சு, வெடிப்பெல்லாம் கொண்டு வந்துருவான். நான் பேசின விலையே தர்றேன். ஆனா உங்க அண்ணன் சீட்டு ஒண்ணு வேணும். வேலு சீட்டு இருந்தா யாரும் உள்ள நோண்டிப் பாக்க மாட்டாங்க.”

“அண்ணன்தான் இல்லியேங்க.”

“சீட்டு எழுதுறது நீங்கதானே? வேலு சொல்லியிருக்காரு.”

அவர் போனதும் மாப்பிள்ளை வெளியே வந்தார். “எழுதிக் குடு கலை” என்றார். “அண்ணன எப்படிப் பொய்யாக்குறது?” என்றேன். “செத்தவன் பேரு புள்ள காத விடப் பெருசா? அவனே இருந்தா எழுதியிருப்பான்.”

எழுதியிருப்பாயா? அன்றிலிருந்து இதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதியிருக்க மாட்டாய் என்று தோன்றும்போது உன்மேல் கோபம் வருகிறது. எழுதியிருப்பாய் என்று தோன்றினால் அதைவிட அழுகை வருகிறது.

எழுதினேன் அண்ணே. ‘எதுவும் மாற்றவில்லை. பூச்சு உட்பட வந்தது வந்தபடி.’ நீ உயிரோடிருந்த ஒரு தேதி போட்டேன். கீழே ‘வேலு’ என்று கோணலாகப் போட்டேன். ஒரே தடவையில் அச்சாக உன்னுடையது மாதிரியே வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்தது. மூன்று வயது முடிய இருபது நாள் இருந்தது. காயம் ஆறியபிறகு வெளிக்கருவியைப் பொருத்தி இயக்கிய அன்று, படங்களில் காட்டுவது போலக் குழந்தை சிரிக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். இனியா அலறினாள். கருவியைப் பிடுங்கி எறிந்தாள். சத்தம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்கு அது அடி விழுந்த மாதிரி இருந்திருக்கும். இப்போது பிடுங்குவதில்லை. வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். கூப்பிட்டால் பத்துக்கு ஒரு தடவை திரும்புகிறாள். அதுவும் என்னைக் கேட்டுத்தானா, தற்செயலா, தெரியவில்லை. இன்னும் ‘அம்மா’ இல்லை. வரலாம் என்கிறார் பயிற்சி கொடுக்கும் பெண். வரும் என்று சொல்ல மாட்டேன் என்கிறார். வந்தால், அந்தச் சொல்லுக்குள் என் பொய்யும் இருக்கும். வராவிட்டால்?

கிட்டார் கைமாறிவிட்டது. யாரிடம் போனது என்று பெங்களூர்க்காரர் சொல்ல மறுக்கிறார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் கேட்டார், எழுதியது என் கை. யாரோ ஒருத்தர் எங்கேயோ உன் பெயரைப் பார்த்து, நம்பி, பெரிய விலை கொடுத்திருக்கிறார். அவருக்காகத்தான் இந்தப் பத்திரிகை.

ஐயா, அல்லது அம்மா, தலைப்பக்கத்தில் சிகரெட் தடம் உள்ள, அறுபதுகளின் அமெரிக்க பேஸ் கிட்டார், வேலு சீட்டோடு உங்களிடம் இருந்தால், நாலு திருகைக் கழற்றி அதன் கழுத்தைத் தனியே எடுங்கள். கழுத்து உட்காரும் பள்ளத்தின் மூலையில் நீலம் ஒட்டியிருக்கும். “அந்த மூலைல பெயின்ட் குழம்பாத் தேங்கிடுச்சு தங்கச்சி, சுரண்டினாலும் வராது” என்று செல்வம் அண்ணன் சொன்னார். கழுத்தும் உள்ளே இருக்கும் மின்சாமான்களும் பழசுதான். உடம்பின் பூச்சு பழசு இல்லை. அந்தச் சீட்டை என் அண்ணன் எழுதவில்லை. அவன் ஒருநாளும் அப்படி எழுதியதில்லை.

இந்தக் கடிதத்தை அனுப்பப்போவதை மாப்பிள்ளையிடம் காலையில் சொன்னேன். “போலீஸ் வந்தா?” என்றார். “வரட்டும்” என்றேன். எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். பிறகு, “ஸ்டாம்பு இருக்கா?” என்று கேட்டார்.

அண்ணே, பயம் எனக்குப் பிறவியிலேயே கூடவந்தது, உனக்குத் தெரியும். பயத்தோடேதான் சொல்கிறேன். அந்த மனிதர் தலத்தெருவுக்கு வந்து நின்றால் கதவைத் திறப்பேன். விலையில் உள்ள வித்தியாசப் பணத்தை வேலைக்குப் போயாவது, எத்தனை வருஷம் ஆனாலும், கொடுத்து முடிப்பேன். இனியாவுக்குப் புரிகிற வயது வந்ததும், அவள் காது எப்படி வந்தது என்பதை வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே அவள் காதில் சொல்வேன்.

உன் கையெழுத்தை இனி ஒருநாளும் போடாத,
உன் தங்கை கலை
தலத்தெரு, காரைக்கால்