மூன்றாவது சரணம்

மார்ச் 3, திங்கள்
எங்கள் பங்க் ராக் இசைக்குழுவில் மூன்றே பேர்: கிட்டாருக்கு அக்கா, டிரம்ஸுக்கு நாங்கள் ‘குச்சி’ என்று கூப்பிடுகிறவன், பாட நான். குச்சி என்னை நான்கு வருடம் காதலித்தவன். பிரிந்தபின் எனக்குச் சந்தேகப் புத்தி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். இன்று புது மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தான். 22-ஆம் தேதி மேடை. வேறு டிரம்மர் கிடையாது.

புதுப் பாட்டைக் கொடுத்தேன். அவனைப் பற்றித்தான். முதல் இரண்டு சரணம் வெறும் வசவு, சிரித்துக்கொண்டே வாசித்தான். மூன்றாவதில் அப்பா இறந்த நாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று இவனைப் பதினேழு முறை ஃபோனில் கூப்பிட்டேன். குச்சி ஐயா ஃபோனை சைலண்டில் போட்டுவிட்டு இன்னொருத்தி வீட்டில் இருந்தார்.

மார்ச் 8
மூன்றாவது சரணத்தில் மட்டும் நாக்கு குழறுகிறது. எனக்கு என்ன கேடு?

மார்ச் 9
பயிற்சியில் பதிவு செய்ததைப் பேருந்தில் கேட்டேன். என் நாக்கு இல்லை — அவன்! அந்தச் சரணம் வந்ததும் வேகத்தைக் கூட்டுகிறான். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அடப்பாவி, என் வாயை மூட டிரம்ஸாடா கெடச்சுது உனக்கு?

அக்காவிடம் சொன்னேன். "அந்தச் சரணத்தத் தூக்கிடேன்டி. அவன் கோச்சுக்கிட்டுப் போயிட்டா யாரு வாசிப்பா?"

தூக்க மாட்டேன்.

மார்ச் 14
நான் வேலை பார்க்கும் லாண்டரியில் பெரிய மெஷின் துணி பிழியும்போது தடதடவென்று ஓடும். அந்த வேகத்துக்குப் பாடிப் பழகுகிறேன். இஸ்திரி அண்ணன் எட்டிப் பார்த்தார். "யாரும்மா அந்தப் புண்ணியவான்?"

மார்ச் 18
எங்கே மூச்சு எடுப்பது என்று கண்டுபிடித்துவிட்டேன். எடுக்கவே கூடாது.

மார்ச் 23
நேற்று பாடியாகிவிட்டது. நினைத்தபடியே மூன்றாவது சரணத்தில் பறந்தான். நானும் விடவில்லை. இன்னும் கூட்டினான். கூட்டுடா! கடைசியில் அவனுக்கே கை ஓய்ந்து தாளம் தடுமாறி நின்றது. அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு அவளும் கிட்டாரை நிறுத்திவிட்டாள். மிச்சத்தை வாத்தியமே இல்லாமல் பாடினேன்.

"பதினேழு தடவ கூப்பிட்டேன்,
பொணமே எழுந்து வந்திருக்கும் —
நீ எடுக்கல."



மேடையிலிருந்து இறங்கியதும், "அசிங்கப்படுத்திட்டல்ல?" என்றான்.

"நடந்ததத்தானே பாடினேன்."

அப்புறம் கழிப்பறையில் போய் அழுதேன். அப்பாவுக்காக. அவனுக்காக ஒரு சொட்டுகூட இல்லை.

ஏப்ரல் 6
குச்சி போன இடத்துக்குப் புது டிரம்மர் வந்தாள். பல் ஆஸ்பத்திரி நர்ஸ். பாட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, யோசித்து, என்னிடம் கேட்டாள். "அக்கா, மூணாவது சரணத்துல கொஞ்சம் மெதுவாப் போகட்டுமா? வார்த்த கேக்கணும்ல?"

"வேணாம்மா. நீ எவ்வளவு வேகமா வேணா போ. நான் வந்துருவேன்."