நான் கவிழ்த்த வாளி

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் நன்றாக இல்லை; பொய் எழுத இந்த முறை கை வரவில்லை.

முதலில் நீ கேட்ட பாடம். பார்வையாளர் அயனிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்றாய். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் காஸ்டிக் சோடாவையும் அயனிகளாகப் பிரித்து எழுது. ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் கட்டிப்புரண்டு தண்ணீராகிவிடும். சோடியமும் குளோரைடும் சமன்பாட்டின் இரண்டு பக்கமும் மாறாமல் நிற்கும். அவைதான் வேடிக்கை பார்ப்பவை, அடித்துவிடு. இருபது வருடமாக ஆலையில் கழிவு ஆசிட்டில் காஸ்டிக் கலந்து அதன் கொட்டத்தை அடக்குகிற உன் அப்பனுக்கு இதுகூடத் தெரியாதா?

மாமாவுக்கு விபத்து என்று அம்மா போனில் சொன்னாளே, அது விபத்து இல்லை. கையுறை இல்லாமல் ஆசிட் தொட்டியைத் தொடமாட்டேன் என்றான் உன் மாமா. மேஸ்திரி அசிங்கமாகத் திட்டினான். உன் மாமா அவன் சட்டையைப் பிடித்தான். அந்தப் படுபாவி இரும்புக் கொக்கியால் தாடையில் ஓங்கி அடித்தான். பல் தெறித்து என் காலடியில் விழுந்தது. விழுந்தவன் முகத்தில் ஒரு குவளை ஆசிட்டையும் வீசினான். ஆறு பேர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் நிற்கவில்லை. அதுதான் வினை. ஆசிட் சிந்தினால் காஸ்டிக் ஊற்றிப் பழகிய கை. பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தும் காஸ்டிக் வாளியைத் தூக்கி உன் மாமா முகத்தில் கவிழ்த்தேன். துடைக்கப் போன என் விரலோடு தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆசிட் மட்டும் என்றால் ஒரு கண்ணாவது தேறியிருக்கும் என்றார் டாக்டர். காஸ்டிக் உள்ளே வரை தின்றுவிட்டதாம். இரண்டு கண்ணும் போய்விட்டது.

மேஸ்திரி நேற்று வீட்டுக்கே வந்தான். நீ என்னைச் சொல்லாதே, நான் உன்னைச் சொல்லல, ரெண்டு பக்கமும் அடிச்சுட்டா கணக்கு தீர்ந்துச்சு என்றான். அவன் குரல்வளையை நெரித்திருப்பேன். அம்மா உள்ளே வந்துவிட்டாள்.

எல்லாரும் மரம் மாதிரி நின்னாங்க, மச்சான்தான் ஓடிவந்து தண்ணி ஊத்தினாரு என்று உன் மாமா பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். அதைக் கேட்டதிலிருந்து அம்மா என் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுகிறாள். அதைத் தொடாமல் எழுந்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை போலீசில் வாக்குமூலம். அவன் செய்ததையும் சொல்வேன், நான் செய்ததையும் சொல்வேன். அதற்கு முந்தின நாளே அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

புதன்கிழமை கிளம்பி வந்துவிடம்மா. எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்போது அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். என்னைத் தொட விடமாட்டாள்.

நீ நூறு வருடம் நன்றாக இருக்கணும்,
உன் அப்பா