பிரசவ வார்டை மூட விடமாட்டோம்

மேல் டிவிசன் லயம்,
றக்வான.

அன்பு மகள் விஜயகலாவுக்கு,

மாரியம்மன் புண்ணியத்தில் நாங்கள் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் கொழும்பில் சுகமாக இருக்க அவளைத்தான் கும்பிடுகிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடுகிறார்களாம், தலைப் பிரசவத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் பேசினால் திட்டிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நோயாளி வருவதில்லை என்று சொல்லி மூடத்தான் பார்த்தார்கள். சுகாதார இலாகா மேலிடத்து ஐயா ஜீப்பில் காலையில் வந்து பெஞ்சைப் பார்த்தால் யார் இருப்பார்கள், நாங்கள் எல்லாம் மலையில் கொழுந்து எடுக்கிறோம். காலையில் மருந்துக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் போய்விடும். அதனால் அந்திக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பின்கதவால் போவோம், நர்ஸ் அக்ஸா மிஸ்ஸி பாவம் பார்த்துப் பிரசர் குளிசையும் சீனி மருந்தும் எடுத்து வைத்திருந்து தருவாள். குளவி கொட்டினாலும் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டாலும் அங்கேதான் ஊசி, அங்கேதான் மருந்துக் கட்டு. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்கு வெள்ளிக்கிழமை கிளினிக், மாதத்தில் ஒரு நாள் பல் டாக்டர். நீ பிறந்ததும் அந்த வார்டில்தான். இவ்வளவும் நடக்கிற இடத்தை நாங்களே ஆளில்லாத இடமாகக் காட்டி வைத்திருக்கிறோம் பார்.

அவர் மறுபடி வருகிறார் என்று டாக்டர் ஸாஹிரா சொன்னதும் காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் பேசி முடித்தோம். அவர் வந்த அன்றைக்கு யாரும் மலை ஏறவில்லை, கூடையோடு நேரே ஆஸ்பத்திரிக்கு. கங்காணி கன்னையா பேர் போடமாட்டேன் என்று கத்தினார், போடாவிட்டால் போங்கள் என்றுவிட்டு நடந்தோம். பெஞ்சில் இடமில்லை, வாசல்வரை கூடைதான். ஐயா இறங்கி, இன்றைக்கு என்ன திருவிழாவா என்று சிங்களத்தில் கேட்டார். நாங்கள் ஏன் காலையில் வருவதில்லை என்று நானும் சிங்களத்திலேயே பொறுமையாக விளங்கப்படுத்தினேன். அவர் சிரித்ததும் கோபம் வந்து தமிழ்தான் வாயில் வந்தது. “மூடுறதா இருந்தா எங்களையும் உள்ள வச்சு மூடுங்க” என்றேன். டாக்டரம்மா அதை ஒரு சொல் குறைக்காமல் அவருக்குச் சிங்களத்தில் சொன்னார்.

கிளினிக்கை இனிப் பின்னேரம் வைக்க ஒத்துக்கொண்டார். பிரசவ வார்டைப் பற்றி யோசிக்கிறாராம். யோசிக்கட்டும். அதுவரை நாங்கள் முறை வைத்துக் காலையில் போய்ப் பெஞ்சில் உட்காருகிறோம், பேர் போனால் போகட்டும்.

கலா, உன்னை ஆபத்தில் மாட்டிவிட அம்மா பைத்தியக்காரி இல்லை. டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். முதலில் உன்னைச் சோதித்துப் பார்ப்பாராம், சிக்கல் தெரிந்தால் அம்புலன்சில் கஹவத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாராம். அப்பா பத்தியச் சாமான்கூட வாங்கிவிட்டார், உன்னைக் கேட்காமலே.

கர்ப்பிணி அட்டையை மறக்காமல் கொண்டு வா. வளைவுகளில் பஸ் ஆட்டும், முன் சீட்டில் உட்கார். ஆத்தா உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். அடுத்த முறை ஜீப் வரும்போது என் பேரப்பிள்ளை அந்த வார்டில் கத்துகிற கத்தலில் ஐயாவுக்குக் காது அடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவுக்குப் பாயை வெயிலில் போட்டு வைத்திருக்கும் அம்மா,
மூக்காயி