துணை இல்லாத வார்டு

12 ஆகஸ்ட் 2009, புதன்

என் ஆய்வில் இன்று ஒரு கேஸ் குறைந்துவிட்டது.

பிரசவ வலியின்போது பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவர் இருந்தால் தாய்க்குப் பயம் குறைகிறதா என்பதுதான் என் பிஎச்.டி. ஒரு வார்டில் அம்மாவையோ அக்காவையோ உள்ளே விடுகிறார்கள். இன்னொன்றில் பழைய வழக்கப்படி யாருக்கும் அனுமதி இல்லை. நான் இரண்டிலும் சுவரோரமாக நின்று, பார்ப்பதை எழுத வேண்டும். வேறெதுவும் செய்யக் கூடாது.

இன்று அந்த இரண்டாவது வார்டில் லட்சுமி என்ற பெண். தலைப்பிரசவம். அவள் அம்மா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனதும் லட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இங்கேயே இருங்க" என்று தெலுங்கில் சொன்னாள். இத்தனை வருஷம் நர்ஸாக இருந்த எனக்குக் கையை உருவிக்கொள்ளத் தெரியவில்லை. குழந்தை பிறக்கும்வரை நின்றேன். பெண் குழந்தை. நன்றாக அழுதது.

சாயங்காலம் என் கைடு மேடத்திடம் சொன்னேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். கோபப்படவில்லை. "அந்தக் கேஸ் நக்கோம்மா, வேண்டாம், எடுத்துடு. துணையே இல்லாத வார்டுல நீயே துணையாயிட்டியே" என்றார்.

சரிதான். வேறெதுவும் செய்யக் கூடாது என்ற விதியை எழுதியவளும் நான்தான். எடுத்துவிட்டேன். கொண்டாப்பூர் பஸ்ஸில் வரும்போது, அவள் நகம் பதிந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நாளைக்கும் அதே வார்டு. நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.