ஐந்தாம் இடத்துப் பேய்

டோக்கியோ
11 ஜூன் 2023

அன்புள்ள யோஷினோ,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. நீ இருக்கும் ஏரிக்கரையில் கேட்கவே வேண்டாம். நீயும் வீட்டில் எல்லாரும் சுகமா? கையெழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்ததா? பதினோராம் வகுப்பில் உனக்குப் பின்னால் உட்கார்ந்து உன் சடையில் பென்சில் செருகிய ரிசாகோதான். இருபத்தொரு வருஷம் ஒரு வரி எழுதாதவளுக்கு இன்றைக்கு என்ன திடீர்ப் பாசம் என்று கேட்பாய். கேள். ஆனால் படித்துவிட்டுக் கேள். விலாசம் பழைய மாணவர் புத்தகத்தில் கிடைத்தது.

நான் மங்கா படக்கதை வரைந்து பிழைக்கிறேன். புனைபெயரில் வரைவதால் உனக்குத் தெரிந்திருக்காது. 'கால் மரத்துப் போச்சு' என்று ஒன்று ஏழு வருஷமாக ஓடுகிறது, ஏப்ரலிலிருந்து அனிமேயாக டிவியிலும் வருகிறது. நம் பள்ளித் தேநீர் மன்றம்தான் கதை. மண்டி போட்டு உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் ஒருத்தி விருந்தாளி மடியில் விழுவாளே, அது நான். ஊரே பார்த்துச் சிரிக்கிறது.

எல்லாருக்கும் ரொம்பப் பிடித்தது யார் தெரியுமா? ஐந்தாம் இடத்துப் பேய்! ஐந்து பேர் இல்லாவிட்டால் மன்றத்தை மூடி, அறையை மேசைப்பந்துக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நீதானே பேர் கொடுத்தாய். "பேரை வேணா எழுதிக்கோ, ஆளை எதிர்பார்க்காதே"ன்னு சொன்னாய். கதையிலும் அப்படித்தான். பேர் மட்டும் பதிவேட்டில் இருக்கும், ஆள் வராது. வாராவாரம் அவள் இடத்தில் ஒரு கிண்ணம் தேநீர் வைப்பார்கள். திரும்பிப் பார்த்தால் கிண்ணம் காலி.

கடைசி அத்தியாயத்தில் பேய் உள்ளே வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உன் முகத்தோடு வரவேண்டும். நீ சரி என்றால்தான் வரைவேன்.

உன்
ரிசாகோ


மட்சுவே
25 ஜூன் 2023

அன்புள்ள ரிசாகோ,

கடிதம் பார்த்து, யாருக்கோ வந்தது எனக்கு வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பென்சில் என்றதும் நீதான் என்று தெரிந்துபோயிற்று. ஒரு பென்சிலையும் நான் திருப்பித் தரவில்லை, அந்தக் கோபமோ?

நாங்கள் சுகம். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. படகு இப்போது என் வீட்டுக்காரர் கையில். அவர் ஏரியில் மட்டிச் சிப்பி வாருகிறார், நான் கொட்டகையில் தரம் பிரிக்கிறேன். அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். பெரியது, நடுத்தரம், சிறியது. கனவில்கூடப் பிரிக்கிறேன்.

உன் கதை எனக்குத் தெரியாமல் என்ன? என் மகள் கொஹாருவுக்குப் பத்து வயது, வெறியாகப் பார்க்கிறாள். சாப்பாட்டு மேசையில் ஐந்தாவதாக ஒரு கிண்ணம் வைத்து, "பேய் குடிச்சிருச்சு!" என்று அவளே குடித்து வைக்கிறாள். அந்தப் பேய் நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. வரைந்தது நீ என்று எனக்குத் தெரிந்தபிறகும் சொல்ல வாய் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்றாம் புத்தகத்தில் பள்ளி விழா அன்று, பேய் வாசலில் ஒரு வலைப்பை மட்டியை வைத்துவிட்டுப் போகிறது. பையில் நீலக் கயிறு கட்டியிருக்கிறது. கால் தடுக்கி எல்லாரும் விழுகிறார்கள். கொஹாரு அந்தப் பக்கத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தப் பை உனக்கு எப்படித் தெரியும்?

யோஷினோ


டோக்கியோ
9 ஜூலை 2023

அன்புள்ள யோஷினோ,

அப்பாவைப் பற்றிக் கேட்டு மனசு கஷ்டமாகிவிட்டது. முதல் வருஷம் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பள்ளி வாசலில் உனக்காக நிற்பாரே, அப்படியேதான் கண்ணில் இருக்கிறார்.

பையா? ஏரிக்கரை ஊரில் பிறந்தவளுக்கு மட்டிப் பை தெரியாதா, என்ன கேள்வி இது! கையில் வந்ததை வரைந்தேன். நீலம் அந்தப் பக்கத்துக்கு எடுப்பாக இருந்தது, அவ்வளவுதான். கொஹாருவுக்குப் பேய் படம் ஒன்று தனியாக வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

முகம் பற்றி நீ பதிலே சொல்லவில்லையே.

ரிசாகோ


மட்சுவே
20 ஆகஸ்ட் 2023

ரிசாகோ,

படம் வந்தது. கொஹாரு சுவரில் ஒட்டிக்கொண்டாள், நன்றி.

எங்கள் வீட்டுப் பைக்கு மட்டும்தான் நீலக் கயிறு. அப்பாவின் பழைய நீல ஏப்ரனைக் கிழித்து அம்மா திரித்தது. ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. அதனால் சுற்றி வளைக்காமல் நான் சொல்லிவிடுகிறேன். பிறகு நீ சொல்.

அந்த வருஷம் அப்பா இடுப்பு விழுந்து படுத்துவிட்டார். பள்ளி விட்டால் கொட்டகைக்கு ஓடவேண்டும், அதனால்தான் மன்றத்துக்கு வரமுடியவில்லை. வர ஆசை இல்லாமல் இல்லை. உன் மன்றக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேனே, எதற்கு என்று நினைத்தாய்? மட்டி பிரிக்கிற பலகையில் சோற்றுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, தேநீர்ச் சடங்கில் செய்கிற மாதிரி அதை இரண்டு தரம் திருப்பிக் குடிக்கப் பழகினேன். அம்மா பார்த்துவிட்டு, "கிண்ணத்துல ஓட்டையா, ஏன் சுத்திச் சுத்திப் பாக்குற?" என்றாள்.

விழா அன்று ஒருநாள் விடுப்பு தந்தாள். தேநீர் அறைக்குள் புதுக் காலுறை போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தாயே, கடைக்குப் போய் வெள்ளைக் காலுறை வாங்கினேன். எலுமிச்சை போட்டு மூன்று தரம் கை கழுவினேன். வெறுங்கையோடு எப்படி வருவது என்று மட்டியை முந்தின நாளே உப்புத் தண்ணீரில் போட்டு மணல் கக்க விட்டு எடுத்து வந்தேன்.

கதவுக்கு வெளியே காலுறை மாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ விருந்தாளி, "அஞ்சாவது ஆள் எங்கேம்மா?" என்று கேட்டார். நீ சொன்னாய்: "அது எங்க பேய்ங்க. வந்தா கண்ணால பாக்க வேண்டாம், மட்டி வாடையே சொல்லிடும்." எல்லாரும் சிரித்தீர்கள்.

பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். உன்னை வெறுக்கவில்லை. நான் நிற்பது அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள் என்று இருபத்தொரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்ல ஆறுதலாகத்தான் இருந்தது.

தெரியாதுதானே?

யோஷினோ


டோக்கியோ
2 செப்டம்பர் 2023

யோஷினோ,

தெரியும்.

சொல்லும்போது தெரியாது. சொல்லி முடித்துச் சிரித்துக்கொண்டே திரும்பினேன். கதவு நாலு விரல் திறந்திருந்தது. வெள்ளைக் காலுறை போட்ட ஒரு காலும் போடாத ஒரு காலும் தெரிந்தன. உன் கால்தான் என்று எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை, "யோஷினோ, உள்ளே வா"ன்னு கூப்பிட்டிருந்தால் போதும். விருந்தாளிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொன்ன ஒன்றுக்கு ஒரு அறையே சிரித்தது. அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அவ்வளவு அற்பம் நான். நீ மாற்றிய காலுறையைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டேதான் தேநீர் கலக்கினேன்.

பிறகு அந்த மட்டியைச் சூப் வைத்தோம். மணலே இல்லை. இரண்டு கிண்ணம் குடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் உன் முகத்தைப் பார்க்கக் கூசி, உனக்கு முன்னால் இருந்த பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன். அதோடு விட்டதுதான்.

மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. ஏழு வருஷமாக அந்தப் பேயை வரைந்து வரைந்து, உன்னை உள்ளே கூப்பிடுவதாக நானே நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் மூன்றாம் தேதி, கலாசார நாள் அன்று, நம் பள்ளித் தேநீர் அறையிலேயே ரசிகர்களுக்கு விழா வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் இடம் உனக்காக இருக்கும். வேறு யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். யாரையும் கேட்க வேண்டாம், நேரே வந்து உட்கார். அத்தனை பேர் முன்னாலும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். நான் செய்ததையும் சொல்கிறேன். வா, யோஷினோ. கெஞ்சிக் கேட்கிறேன்.

ரிசாகோ


மட்சுவே
5 நவம்பர் 2023, விடுதியிலிருந்து

அன்புள்ள யோஷினோ,

நீ வரவில்லை. குறை சொல்லவில்லை, எனக்கு அந்த உரிமை ஏது? மாலை ஐந்து மணிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் வெள்ளைக் காலுறையோடு வந்ததால் எந்தக் காலைப் பார்த்தாலும் நெஞ்சு பதறியது.

உன் இடத்தைக் காப்பாற்றினேன், அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அங்கே யாரையும் அண்டவிடக் கூடாது என்று பணியாளர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பாவம், ஒரு அம்மாள் விவரம் தெரியாமல் போய் உட்கார்ந்துவிட்டாள். பணிப்பெண் ஓடிப்போய், "அது பேயோட இடம்மா, எழுந்திருங்க" என்றாள். அந்த அம்மாள் என் பக்கம் பார்த்தாள். நான் கையில் மைக்கோடு இருந்தேனா, "கால் மரத்துப்போறதுக்கு முன்னாடியே எழுந்துட்டாங்க, கெட்டிக்காரங்க!" என்றேன். அறையே சிரித்தது.

இன்னொன்று கேள். ரசிகர்கள் கதையில் வருகிற மாதிரியே வாசலில் மட்டிப் பை வைத்திருந்தார்கள். பதினொரு பை! பதினொன்றிலும் நீலக் கயிறு! விடுதியில் கொடுத்துச் சமைக்கச் சொன்னோம். பத்துப் பையிலும் மணல் நறநற என்று கடித்தது. ஒன்றில் மட்டும் ஒரு துளி மணல் இல்லை. இரண்டு கிண்ணம் குடித்தேன். குடிக்கும்போது உன்னைத்தான் நினைத்தேன்.

கடைசி அத்தியாயத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. முகம் உன்னுடையதாக இருக்கட்டுமா? ஒரு வரி போதும்.

உன்
ரிசாகோ


மட்சுவே
12 நவம்பர் 2023

ரிசாகோ,

மணல் இல்லாத பை என்னுடையது.

நீ சொன்னபடி யாரையும் கேட்காமல் நேரே வந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண் எழுந்திருக்கச் சொன்னபோது உன்னைப் பார்த்தேன். நீயும் நேராக என்னைத்தான் பார்த்தாய். அப்போதே, "நான்தாண்டி" என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அதற்குள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அன்றைக்கு என் காலை அடையாளம் தெரிந்தது, கூப்பிடவில்லை. இப்போது முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை. இதற்கு உன்மேல் கோபம் இல்லை, நிஜமாகவே இல்லை. வெயிலும் ஏரித் தண்ணீரும் என்னை வேறு ஆளாக ஆக்கிவிட்டன. நீ வரைந்து வைத்திருப்பது பதினேழு வயசுப் பெண்ணை. நான் அவள் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுதேன்.

கொஹாருவும் என்னோடு வந்திருந்தாள். போகிற வழியிலேயே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தேன். இன்றைக்கு மேடையில் அம்மா பேரைக் கூப்பிடுவார்கள் என்று அவள்தான் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். திரும்பும்போது பஸ்ஸில், "அவங்களுக்கு உன்னைத் தெரியலையாம்மா?" என்று கேட்டாள். "விளக்குக்கு நேரா நின்னாங்கல்ல, வெளிச்சம் கண்ல அடிச்சிருக்கும்" என்றேன். சுவரில் இருந்த படத்தை மறுநாள் அவளே கழற்றிவிட்டாள். நான் சொல்லவில்லை.

நீ கேட்ட ஒரு வரி இது: பேயை உள்ளே கூட்டி வராதே. நான் வந்து பார்த்துவிட்டேன்.

எழுந்திருக்கும் முன்னால் அங்கே வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து, இரண்டு தரம் திருப்பி, ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். நீ கலக்கியதா என்று தெரியாது. ஆறிப்போயிருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். இதற்குப் பதில் வேண்டாம்.

யோஷினோ