பீஸ் கட்டைக்கு ஸ்பானிஷில் ஒரு எச்சரிக்கை

12.6.2006, திங்கள்

கத்திரி முடிந்து இரண்டு வாரமாகியும் வெயில் குறையவில்லை. கம்பெனியில் சூளைப் பக்கம் நிற்க முடியவில்லை. கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை.

பெரு நாட்டுக்குப் போகும் பீங்கான் பீஸ் கட்டை பேக்கிங் முடிந்தது. நாற்பது பெட்டி. வியாழன் காலை லாரி. ஒவ்வொரு பெட்டியிலும் என் ஸ்பானிஷ் சீட்டு: எப்படி மாட்டுவது, எப்போது கழற்றக் கூடாது, ஈரக் கையால் தொடாதே. மூன்றே வரி. இங்கிலீஷிலிருந்து நான் மாற்றியது.

ஸ்பானிஷ் எனக்குத் தெரியாது. பாண்டிச்சேரியில் பி.ஏ. படித்தபோது இரண்டு வருடம் பிரெஞ்சு. கையில் ஒரு சின்ன அகராதி. ஆர்டர் வந்த அன்று முதலாளி, “பிரெஞ்சு, ஸ்பானிஷு எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊருதானே மேடம். நம்ம வேப்பூரு, பெண்ணாடம் மாதிரி” என்றார். நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

பேக்கிங் அஞ்சலை சீட்டைக் காட்டி, “இன்னாக்கா எழுதியிருக்குது இதுல?” என்றாள். படித்துக் காட்டினேன்.

“மந்திரம் மாதிரி இருக்குது. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

13.6.2006, செவ்வாய்

காலையில் மேகம். மழை இல்லை. கேஸ் பதிந்தாயிற்று.

மதியம் வீட்டுக்காரர் வேலைக்கு நடுவில் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பக்கத்துத் தெருவில் கம்பி மாற்றுகிறார்கள். சாப்பாட்டுப் பை கனத்தது. உள்ளே டிரான்ஸ்பார்மரிலிருந்து பிடுங்கிய பீஸ் கட்டை. கம்பம் ஏறும் நாளெல்லாம் இப்படித்தான். அது லைன்மேன் பையில் இருக்கும்வரை வேறு யாரும் மாட்டிவிட முடியாது.

“தெருவுல கரண்டு இல்லன்னு திட்டுவாங்களே.”

“திட்டட்டும். ஏறுனவன் உசுரோட எறங்கணும்ல.”

பேச்சுவாக்கில் சீட்டைக் காட்டினேன். லைவ் ஆக இருக்கும்போது கழற்றாதே என்ற வரியில் நின்றார். “லைவுக்கு இன்னா போட்ட?”

“விவோ. உயிரோட இருக்கிறது.”

“உயிரோட இருக்கறப்ப கழட்டாதேன்னா, செத்தப்புறம் கழட்டலாமா?” சிரித்தார். நானும். பிறகு அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். “கரண்டு இருக்குதுன்னுதான விஜி அதுக்கு அர்த்தம். அந்த ஊர்ல அப்படித்தான் சொல்வாங்களா?”

தெரியாது என்றேன்.

அகராதியை மறுபடி பார்த்தேன். வசிப்பது, உயிருள்ளது, டி.வி.யில் நேரடியாகக் காட்டுவது. கம்பியைப் பற்றி ஒன்றுமில்லை. பிரெஞ்சு ஜாடையில் இருந்ததை எடுத்துப் போட்டிருக்கிறேன். சாயங்காலம் பிரவுசிங் சென்டரில், மொழிபெயர்த்துத் தரும் தளத்தில் அடித்துப் பார்த்தால் அதுவும் விவோ என்றே சொன்னது. ஆறுதல் இல்லை. அதற்கும் ஓர் அகராதிதான் இருக்கும்.

இது தப்பென்று சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது. பேசாமல் இருந்தால் லாரி போய்விடும். அரைமணி நேரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததால் எழுதி வைக்கிறேன்.

அங்கேயும் யாராவது ஒருவர் பையோடு வேலைக்குப் போவார்.

14.6.2006, புதன்

கா. 9. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். சீட்டில் ஒரு சொல் தப்பாக இருக்கலாம். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. இரண்டையும்.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அப்ப இத்தினி நாளா?”

“நீங்க கேட்கல சார். நானும் சொல்லல.”

“சொல்லியிருக்கணும்ல?”

“ஆமா சார்.”

“பீஸ் கட்டைய கழட்டறவனுக்குக் கரண்டு இருக்குதான்னு தெரியாதா மேடம்? சீட்டப் படிச்சிட்டா கழட்டுவான்?”

“தெரிஞ்சவனுக்குச் சீட்டே வேணாம் சார். தெரியாதவனுக்குத்தான்.”

கீழே வைத்த கிளாஸை மறுபடி எடுத்தார். “அவங்களுக்கே மெயில் போட்டுக் கேளுங்க. உங்க பேர்லயே போடுங்க.”

போட்டேன். அங்கே அப்போது ராத்திரி. நாள் முழுக்க வேறு வேலை ஓடவில்லை. ஒரு பில்லில் தேதி மாற்றி எழுதினேன்.

மா. 6.45. பதில் வந்தது. எழுதியது அங்கே கடிதம் டைப் அடிக்கும் அம்மாள். விவோ என்றால் உயிருள்ளது மட்டும்தான். அவர்கள் ஸ்டோர்க்காரர் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாராம், பிறகு எத்தனை பெட்டியில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாராம்.

சரியான சொல்லும் தந்திருந்தார். ஆனால் அந்த வரியையே உடைத்துவிட்டேன். முதலில் மின்சாரத்தை நிறுத்து. பிறகு கழற்று. இரண்டாகச் சொன்னால் லைவ் தேவையே இல்லை. கடைசியில் இங்கிலீஷில் இல்லாத ஒரு வரி சேர்த்தேன். அனுப்பினேன். அந்த அம்மாள் இரண்டு பிழை திருத்தி அரைமணியில் திருப்பி அனுப்பினார். சேர்த்த வரியை அடிக்கவில்லை.

லாரி வெள்ளிக்கிழமைக்கு மாறியது. முதலாளி போனில் கத்தினார், லாரிக்காரரிடம். என்னிடம் கத்தியிருக்கலாம்.

15.6.2006, வியாழன்

தூறல். நாற்பது பெட்டியையும் பிரித்தோம். ஷெட் முழுக்க வைக்கோல். தும்மல்.

அஞ்சலை: “மந்திரம் தப்பாயிடுச்சாக்கா?”

“ஆமா.”

“நீ எழுதினா சரியா இருக்கும்னு நெனச்சேன்.” குத்திச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நாலு பெட்டி கழித்து அவளே, “நாங்க கட்டைய ஒடச்சா நீ மேல போயி சொல்றதில்லல்ல. போவுது வுடு” என்றாள்.

மதியம் புதுச் சீட்டு அச்சாகி வந்தது. முதலாளி வாங்கி எண்ணிப் பார்த்தார். “கழட்டற வரி ரெண்டாச்சுன்னீங்க, சரி. அப்பவும் நாலுதான வரணும். இதுல அஞ்சு இருக்குதே.”

“கழட்டினதை வேலை முடியறவரைக்கும் உங்க பையிலேயே வெச்சிக்கங்கன்னு போட்டிருக்கேன். எங்க வூட்டுக்காரர் வழக்கம் சார்.”

“அவருக்கு ஸ்பானிஷ் தெரியுமா?”

“தெரியாது சார்.”

சீட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார், பின்னால் ஏதோ இருப்பது போல. “சரி, வைங்க உள்ள.”

16.6.2006, வெள்ளி

லாரி கா. 10.40. மாத்திரை வாங்கவில்லை, இன்று கட்டாயம்.

மதியம் அவர் வந்தார். பக்கத்துத் தெரு வேலை இன்னும் முடியவில்லையாம். பை கொக்கியில் தொங்கியது. பீஸ் கட்டை இருக்கிறதா என்று உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். இருந்தது. சாதம் போட்டேன்.